தம்பி ஓடச் சொல்கிறார், கணவர் சைக்கிள் என்கிறார்: யார் சொல்வதைக் கேட்பது?

சென்னிமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வயது 43, உயரம் 155 சென்டிமீட்டர், எடை 71 கிலோ. வீட்டை ஒட்டிய ஷெட்டில் பெட்ஷீட் தறி ஓடுகிறது. நூல் வரவு, கணக்கு, மடித்துக் கட்டுவது எல்லாம் இவர் பொறுப்பு. ஆறு மாதம் முன்பு எடுத்த பரிசோதனையில் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாத சராசரி சர்க்கரை, 6.2 என்று வந்திருக்கிறது. "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், உடற்பயிற்சி செய்து எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று அங்குள்ள மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

எந்த உடற்பயிற்சி என்பதில்தான் வீட்டில் தகராறு. கோவையில் இருக்கும் தம்பி வருஷா வருஷம் டிசம்பரில் கோவை மாரத்தானில் 10 கிலோமீட்டர் ஓடுகிறவர். "ஓட்டந்தாங்க்கா உடம்பைக் கரைக்கும். சைக்கிள்ல உக்காந்துதானே போறே, அதுல என்ன கரையும்?" என்கிறார். கணவரோ, "ஓடுனா மூட்டு போயிரும். உங்கம்மா மாதிரி ஆபரேஷன் பண்ணிக்கப் போறயா?" என்று சொல்லி, மகளுக்கு ப்ளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து நிறுத்தியிருக்கிறார். அம்மாவுக்கு 62 வயதில் இரண்டு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவை நடந்திருக்கிறது.

சகோதரி இரண்டையும் செய்து பார்த்துவிட்டார். மகளின் கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு கீழ்பவானி வாய்க்கால் கரையில் ஒரு நாள் மூச்சிரைக்க ஓடியதில், ஒரு வாரம் கீழ்க்காலின் முன் எலும்பில் வலி. எதிரே வந்த பெரியவர் வேறு வண்டியை நிறுத்தி, "ஏனுங்க அம்மிணி, ஊட்ல ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டிருக்கிறார். சரி, சைக்கிளே போதும் என்று பத்து நாள் ஓட்டியதில் வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்க ஆரம்பித்துவிட்டது. சென்னிமலைப் படி ஏறும்போது அவ்வளவாக இல்லை, இறங்கும்போதுதான் வலிக்கிறதாம். "ஓடும்போது இன்னொரு தொந்தரவும் உண்டு, எழுதக் கூச்சமாக இருக்கிறது" என்று ஒரு வரி. இரண்டும் சுகப்பிரசவம், ஒரு வருடமாக மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது என்று போகிற போக்கில் இன்னொரு வரி. கடைசியில், "ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், அதையே செய்கிறேன்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

ஒன்றைச் சொல்லச் சொன்னீர்கள். இன்றைய நிலையில் உங்களுக்கு சைக்கிள். ஆனால் உங்கள் கணவர் சொல்கிற காரணம் சரியில்லை. ஓட்டத்தையும் ஒரேயடியாகத் தலைமுழுக வேண்டாம். சைக்கிளால் தர முடியாத ஒன்று உங்கள் வயதில் உங்களுக்குத் தேவைப்படுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் தம்பியின் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

சைக்கிளில் என்ன கரையும்?

ஒரு கிலோமீட்டர் ஓடினால், உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். உங்களுக்குச் சுமார் 70 கலோரி. அதே தூரத்தை சமதளத்தில் நிதானமாக சைக்கிளில் போனால் 25 முதல் 30 கலோரிதான். தூரத்தை வைத்துப் பேசினால் தம்பி ஜெயித்துவிடுவார். ஆனால் உங்களுக்குக் கிடைப்பது தூரம் இல்லையே. காலையில் தறி ஓட ஆரம்பிப்பதற்குள் கிடைக்கிற அரை மணி நேரம்தானே? அந்த அரை மணியில் மெதுவோட்டமாக மூன்றரை கிலோமீட்டர் ஓடினால் 250 கலோரி. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் 200. நடுவில் இருக்கும் 50 கலோரி ஒரு உளுந்து வடைக்குக் காணாது. அதிலும், இன்று உங்களால் அரை மணி நேரம் விடாமல் ஓட முடியாது. மிதிக்க முடியும்.

"சைக்கிளில் வியர்க்கவே மாட்டேன் என்கிறது, அதனால் பலன் இல்லையோ" என்றும் கேட்டிருந்தீர்கள். ஓட்டும்போது முகத்திலடிக்கும் காற்று வியர்வையைக் காயவைத்துவிடுகிறது, அவ்வளவுதான். வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். கொழுப்பு கரைவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நனைந்த நைட்டியைப் பார்த்துத் திருப்திப்படுவதை விட மூச்சைக் கவனியுங்கள். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அந்த அளவு வேகம் போதும்.

உங்கள் முதல் கவலை சர்க்கரை. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம், 6.5-ஐத் தொட்டால் நோய். நீங்கள் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. அவை வேலை செய்யும்போது ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலினுக்கு அவை நன்றாக இணங்கும் நிலை ஒரு நாள், இரண்டு நாள் வரை நீடிக்கும். மிதிப்பதோ ஓடுவதோ, தசைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விட்டால் அந்தப் பலன் வடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளுத்து வாங்குவதும், வருடத்துக்கு ஒருமுறை தைப்பூசத்துக்குப் பழனி நடப்பதும் சர்க்கரைக்குப் போதாது. பழனிக்கு வருடம் தவறாமல் நடக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன்.

சென்னையில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, உங்களைப் போலச் சர்க்கரை எல்லையில் நின்றவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்தது. தினமும் அரை மணி வேக நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு, இவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்கள். நோய்க்குள் விழும் ஆபத்து நாலில் ஒரு பங்குக்கும் மேலே குறைந்தது. மாரத்தான் எதுவும் தேவைப்படவில்லை. உங்கள் எடையில் ஐந்து சதவீதம், அதாவது மூன்றரை கிலோ குறைந்தாலே ரிப்போர்ட்டில் வித்தியாசம் தெரிய வாய்ப்பு அதிகம்.

ஓடினால் மூட்டு தேய்ந்துவிடுமா?

உங்கள் கணவர் மட்டும் இல்லை, ஊரே இதை நம்புகிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குவது உண்மை. ஆனால் முழங்கால் குருத்தெலும்பு சைக்கிள் டயர் மாதிரி ஓட ஓடத் தேய்கிற பொருள் இல்லை. அதற்குத் தனியாக ரத்தக் குழாய் கிடையாது. அழுந்தி விரியும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து அதற்கு ஊட்டமே போகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் ஒரு கணக்கு வந்தது. உடற்பயிற்சிக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தவர்கள் 3.5 சதவீதம். ஓடாமல் இருப்பவர்களில் 10.2. போட்டிக்காக வருடக்கணக்கில் ஓடுகிறவர்களில் 13.3. ஓடுகிறவர்கள் பொதுவாக ஒல்லியானவர்கள், மூட்டு வலி வந்தவர்கள் ஓட்டத்தை முன்பே நிறுத்தியிருப்பார்கள் என்பதால் இந்த எண்களை அப்படியே உங்கள் மேல் ஏற்றிப் பார்க்கக்கூடாது. ஆனாலும் அளவாக ஓடினால் மூட்டு போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

அம்மாவுக்கு மூட்டு போனது ஓடியதாலா? அவர் வாழ்நாளில் ஓடியிருக்கவே மாட்டார். எடை, பரம்பரை, தொடைத் தசையின் பலவீனம், பழைய காயம், இவைதான் வழக்கமான காரணங்கள். பரம்பரையை மாற்ற முடியாது. எடையும் தசையும் நம் கையில் இருக்கின்றன. இதில் சைக்கிள் நல்ல துணை. உடம்பின் பாரத்தை சீட் வாங்கிக்கொள்வதால், மூட்டில் அதிர்வு இல்லாமல் தொடைத் தசைக்கு வேலை கொடுக்கலாம். மூட்டுத் தேய்மானம் தொடங்கியவர்களுக்கே சைக்கிள் மிதிக்கச் சொல்கிறோம்.

அப்படியானால் சைக்கிளில் உங்களுக்கு ஏன் முழங்கால் வலித்தது?

சீட்டைத் தூக்குங்கள்

உங்கள் கடிதத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: "நான் விழுந்துவிடக்கூடாது என்று இரண்டு காலும் தரையில் படுகிற மாதிரி சீட்டை இறக்கி வைத்திருக்கிறார்." அன்பாகத்தான் செய்திருக்கிறார். வலிக்குக் காரணமும் பெரும்பாலும் அதுதான். சீட் தாழ்ந்திருந்தால் மிதி மேலே வரும்போது முழங்கால் அதிகமாக மடங்குகிறது. மடங்கிய நிலையில் அழுத்தும்போது சில்லு எலும்பு தொடை எலும்போடு சேர்த்து அமுங்குகிறது. படி இறங்கும்போது வலிப்பதும் இதே இடம்தான். மூட்டுக்குள் தேய்மானம் என்று பயப்பட இப்போதைக்கு ஒன்றும் இல்லை. வீக்கமோ, கால் மடங்கிச் சிக்கிக்கொள்வதோ இருந்தால் மட்டும் நேரில் காட்டுங்கள்.

சைக்கிள் கடைக்குப் போக வேண்டியதுகூட இல்லை, வீட்டில் ஸ்பானர் இருந்தால் போதும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு மிதியைக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒருபக்கம் சாயக்கூடாது. அதுதான் உங்கள் உயரம். ஓட்டும்போது முன்பாதத்தால்தானே மிதிப்போம், அப்போது முழங்காலில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். நிறுத்தும்போது ஒரு பக்கம் சாய்த்து ஒற்றைக் காலை ஊன்ற வேண்டியிருக்கும். பயமாக இருந்தால் வாரத்துக்கு ஒரு விரற்கடை வீதம் ஏற்றிக்கொண்டே போங்கள். முழங்காலுக்குப் பின்புறம் இழுத்து வலித்தால் அளவுக்கு மேல் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

பள்ளிக்கூட சைக்கிள் கனமானது, கியரும் கிடையாது. மேட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அதுவும் உடற்பயிற்சிதான். முப்பதாயிரம், நாற்பதாயிரத்துக்குக் கியர் சைக்கிள் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று மாதம் இதை ஓட்டிவிட்டு யோசியுங்கள். வாங்கி ஒரு மாதத்தில் துணி காயப்போடும் கியர் சைக்கிள்களைப் பல வீடுகளில் பார்க்கிறேன்.

எழுதாமல் விட்டது

நான் ஊகிப்பது சரியாக இருந்தால், ஓடும்போதும் தும்மும்போதும் உங்களுக்குச் சிறுநீர் கசிகிறது. இல்லையென்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள், படிக்கிற இன்னொருவருக்குப் பயன்படும். சுகப்பிரசவம் ஆனவர்களில் ஏராளமான பேருக்கு இது உண்டு. வெளியே சொல்வதில்லை, "வயசாச்சு, அப்படித்தான்" என்று துணி வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். நடைப்பயிற்சியையே இதற்காக நிறுத்தியவர்கள் உண்டு. வெட்கப்பட இதில் எதுவுமே இல்லை, சரிசெய்யக் கூடியதும்கூட.

கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் அடியிலிருந்து தாங்குகிற தசைகள் தளர்ந்திருப்பதுதான் காரணம். ஓட்டத்தின் ஒவ்வொரு அதிர்விலும் அவற்றுக்குச் சோதனை. சைக்கிளில் அந்த அதிர்வு கிடையாது, அதனால்தான் இப்போதைக்கு சைக்கிள் என்றேன். தசையைப் பலப்படுத்த வழி எளிது. காற்றுப் பிரியாமல் அடக்குவது போலவும், சிறுநீரை அடக்குவது போலவும் உள்ளுக்குள் இறுக்குங்கள். வயிறும் தொடையும் பின்புறமும் தளர்ந்தே இருக்கட்டும், மூச்சை அடக்க வேண்டாம். ஐந்து நொடி இறுக்கி, ஐந்து நொடி விடுங்கள். ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பெட்ஷீட் மடித்துக்கொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழக மட்டும் வேண்டாம். மூன்று மாதத்தில் குறையவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். எடை குறைந்தாலும் கசிவு குறையும்.

எலும்புக்கு அதிர்வு வேண்டும்

தம்பியின் பக்கம் இருக்கும் உண்மையான நியாயம் கலோரியில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. மாதவிலக்கு நிற்கும் காலத்தை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய, பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. எலும்பு தன்மேல் பாரமும் அதிர்வும் விழுந்தால்தான் தன்னைக் கெட்டியாக்கிக்கொள்ளும். சைக்கிளில் அது கிடைப்பதில்லை. வருடக்கணக்கில் சைக்கிள் மட்டுமே ஓட்டும் போட்டி வீரர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே சைக்கிளோடு நின்றுவிடாதீர்கள்.

அன்று முன்னங்காலில் வலி வந்தது ஓட்டத்தின் குற்றமில்லை. பழக்கமில்லாத எலும்பு, தட்டையான கேன்வாஸ் ஷூ, முதல் நாளே மூச்சிரைக்கும் வேகம். மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் வரும். முதல் ஒரு மாதம் வாரத்துக்கு நான்கு நாள் சைக்கிள் மட்டும், இருபது நிமிடத்தில் தொடங்கி நாற்பது வரை. கூடவே வாரத்தில் இரண்டு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், குதிகால் தூக்கி நிற்பது. இரண்டாம் மாதத்திலிருந்து சைக்கிள் நாட்களில் இரண்டைக் குறைத்து ஓட்டத்துக்குக் கொடுங்கள். ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஆறு தடவை. இதோடு கசிவு தொந்தரவு தராமல் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடும் நேரத்தைச் சிறிது கூட்டலாம். குஷன் உள்ள ஓட்ட ஷூவும், ஸ்போர்ட்ஸ் பிராவும் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் போட வேண்டிய இடம் இவை இரண்டும்தான்.

சாப்பாட்டில், கால்சியத்துக்கு ராகி, எள், மோர். ராகியிலும் மாவுச்சத்துதான் என்பதால் களி உருண்டையின் அளவு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். இரவில் அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்துவிடாமல், வாசலிலேயே பத்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும்.

ரோடு, நாய், காற்று

ஓட்டத்தை விட சைக்கிளில் நிஜமான ஆபத்து ரோட்டில்தான். விடிந்த பிறகு கிளம்புங்கள். வாய்க்கால் கரையில் இருட்டில் பாம்பும் இருக்கும், குழியும் தெரியாது. ஹெல்மெட் போடுங்கள், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள், காதில் எதையும் மாட்டாதீர்கள். சேலை வேண்டாம், சுடிதார் என்றால் துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெல்ல நகருங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். வண்டி ஏதாவது இடித்துவிட்டால் 108. தமிழ்நாட்டில் விபத்தில் அடிபட்டவருக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டாலும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு கேட்க 2022 முதல் சட்டப்படி வழி இருக்கிறது. போலீஸ் புகார் மட்டும் அவசியம்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று உங்களுக்குத் தெரியாததில்லை. அந்த மாதங்களில் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காதீர்கள், நிமிடக் கணக்குப் போதும். போகும்போது மேற்கே எதிர்காற்றில் போய், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும்படி வைத்துக்கொள்ளுங்கள். நடுரோட்டில் காற்று ஆளையே ஒதுக்குகிற நாட்களில் சைக்கிளை விட்டுவிட்டு நடந்துவிடலாம்.

ஊர்க்காரர்கள் கேட்பதைப் பற்றி: "சக்கரைக்கு டாக்டர் ஓடச் சொன்னாருங்க" என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். யார் வீட்டில்தான் சர்க்கரை இல்லை? அடுத்த வாரம் அந்தப் பெரியவரே தன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து உங்களிடம் காட்டக்கூடும்.

ஓட்டத்தைச் சேர்ப்பதற்கு முன் சில பரிசோதனைகள்: ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் டி, ஒரு ஈசிஜி. 43 வயதில் மாதவிலக்கு தள்ளிப்போவதை "நிற்கிற நேரம்" என்று நீங்களாகவே முடிவு செய்துவிட வேண்டாம். தைராய்டு கோளாறாலும் இருக்கலாம், கர்ப்பமாகவும் இருக்கலாம். மகப்பேறு மருத்துவரை ஒருமுறை பாருங்கள். பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பின்னால் எப்போதாவது சர்க்கரைக்கு மாத்திரை எழுதினால், அது சர்க்கரையை ரொம்பவும் இறக்கிவிடுகிற வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வகை என்றால் வெறும் வயிற்றில் பயிற்சி கூடாது.

தம்பி உங்கள் பெயரை டிசம்பர் ஓட்டத்தில் 5 கிலோமீட்டருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாராம். கொடுக்கட்டும். பாதி நடந்தாலும் கேட்பாரில்லை. எச்பிஏ1சி-யை இப்போது ஒருமுறையும், பயிற்சி தொடங்கி மூன்று மாதம் முடிந்ததும் ஒருமுறையும், அதே லேபில் பாருங்கள்.